லில்லிஹையின் குறுக்கு ரத்த ஓட்ட அறுவை (1954): அப்பாவின் உடல் எப்படி இதய–நுரையீரல் இயந்திரமாக வேலை செய்தது?

தேன்மொழி_பயோ:

பெர்ஃப்யூஷன் (அறுவையின்போது இதய–நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் துறை) முதலாண்டு மாணவர்களுக்கு இதய அறுவையின் தொடக்க காலம் பற்றி ஓர் உரை தயாரிக்கிறேன். மையமாக வைத்திருப்பது மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டாக்டர் சி. வால்டன் லில்லிஹை (1918–1999). 1954 மார்ச் 26 அன்று மினியாபொலிஸில் ஒரு வயதுக் குழந்தையின் கீழறைச் சுவர் ஓட்டையை அடைத்தபோது, குழந்தையின் அப்பாவையே பக்கத்து மேசையில் படுக்கவைத்து இருவர் ரத்த ஓட்டத்தையும் இணைத்தார் என்பது எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. எப்படி என்பதுதான் எதிலும் சரியாக இல்லை.

எனக்குத் தெளிவாக வேண்டியவை: 1953-லேயே அமெரிக்க அறுவை மருத்துவர் கிப்பனின் இதய–நுரையீரல் இயந்திரம் வெற்றி கண்டுவிட்டதே, அப்புறம் ஏன் ஓர் ஆளைப் படுக்கவைக்க வேண்டிவந்தது? இரண்டு உடலுக்கான வேலையை ஓர் இதயம் எப்படித் தாங்கியது? கொடுத்த ரத்தமும் திரும்பிய ரத்தமும் சமமாக இருப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்? 45 பேரில் 28 பேர் பிழைத்து வீட்டுக்குப் போன ஒரு முறையை ஏன் 1955 ஜூலையோடு விட்டுவிட்டார்கள்?

பம்ப்_ரூம்:

மேடம், கணக்கிலிருந்து தொடங்குங்கள். அப்பாவின் இதயம் இரண்டு உடலைச் சுமந்தது என்ற எண்ணமே தவறு.

இங்கிலாந்தில் ஆண்ட்ரியாசனும் வாட்சனும் 1952-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நாயின் மேல், கீழ்ப் பெருஞ்சிரைகள் இரண்டையும் இறுக்கி, அசைகஸ் என்கிற சின்னச் சிரை வழியாக வரும் ரத்தம் மட்டும் இதயத்துக்குப் போகும்படி விட்டார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் அப்படி இருந்தும் நாய்கள் மூளைப் பாதிப்பு இல்லாமல் பிழைத்தன. லில்லிஹையின் ஆய்வகத்தில் மார்லி கோஹன் இதையே திரும்பச் செய்து, அசைகஸ் வழியாக வரும் ரத்தத்தை அளந்தார். கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 8 முதல் 14 மில்லிதான் வந்தது. ஓய்வில் இருக்கும் உடலில் ஓடுவது இதைப் போல ஏறக்குறைய 10 மடங்கு.

அதுவரை இயந்திரம் கட்டியவர்கள் எல்லாரும் முழு ஓட்டத்தையும் கொடுத்தே ஆக வேண்டும் என்று நினைத்து, பிரம்மாண்டமான ஆக்ஸிஜனேட்டர்களோடு (ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற்றும் கருவிகள்) போராடிக்கொண்டிருந்தார்கள். லில்லிஹை குழு அசைகஸ் அளவுக்கு மேல் 2, 3 மடங்கு பாதுகாப்பு வைத்து, கிலோவுக்கு நிமிடத்துக்கு 25–30 மில்லி என்ற அளவிலிருந்து வேலை செய்தது.

மாணவர்களுக்குப் பலகையில் இதைப் போட்டுக் காட்டுங்கள். குழந்தை 7 கிலோ. கிலோவுக்கு 30 மில்லி என்றால் நிமிடத்துக்கு 210 மில்லி. பெரியவரின் இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் தள்ளுகிறது. அப்படியானால் அவரிடமிருந்து பிரிந்து போவது 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், அதுவும் உடனே திரும்பி வந்துவிடுகிறது. ஆரோக்கியமான இதயத்துக்கு இது பொருட்டே இல்லை.

குறைந்த ஓட்டம் எப்படிப் போதுமானது? ஓட்டம் குறையும்போது திசுக்கள் வரும் ரத்தத்திலிருந்து அதிக ஆக்ஸிஜனைப் பிழிந்துகொள்கின்றன. சிரை ரத்தம் வழக்கத்தைவிடக் கறுத்து வரும். மயக்கத்தில் தேவையும் குறைவு. ஆனால் நேரம் நீள நீள அமிலம் சேரும். அங்கேதான் அப்பாவின் உடல் கைகொடுத்தது. ஆக்ஸிஜன் ஏற்றுவதோடு நிற்காமல் கார்பன் டை ஆக்ஸைடை வெளியேற்றியது, அமிலத்தைச் சரிக்கட்டியது, சூட்டைப் பிடித்துவைத்தது. கல்லீரலும் சிறுநீரகமும் சேர்ந்து வேலை செய்தன. அந்தக் காலத்தில் எந்த இயந்திரமும் இவ்வளவையும் செய்யவில்லை. இன்று நாம் குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 100–150 மில்லி கொடுக்கிறோம் என்றால், ஆக்ஸிஜனேட்டர் அந்த அளவுக்கு வளர்ந்துவிட்டது என்பதால்தான்.

இணைப்பு இப்படி: குழந்தையின் இரண்டு பெருஞ்சிரைகளிலிருந்து வரும் கறுத்த ரத்தம் பம்ப் வழியாக அப்பாவின் தொடைச் சிரைக்குள் செலுத்திய குழாயில் ஏறி, அவருடைய கீழ்ப் பெருஞ்சிரை, இதயம், நுரையீரல் என்று சுற்றிச் சிவந்து, தொடைத் தமனியிலிருந்து மீண்டும் பம்ப் வழியாகக் குழந்தையின் தமனிக்குள், பெருந்தமனிக்கு வரும். ரத்தம் உறையாமலிருக்க இருவருக்கும் ஹெப்பாரின். முடிந்ததும் அதை முறிக்க இருவருக்கும் புரோட்டமின்.

சமநிலைக்கு அவர்கள் பிடித்த வழி மிக எளியது. சிக்மாமோட்டர் என்ற பம்ப், பால் மற்றும் உணவுத் தொழிலில் ஓடிக்கொண்டிருந்தது. வரிசையாக உலோக விரல்கள் குழாயை அலைபோல அழுத்திக்கொண்டே போகும். ரத்தம் உலோகத்தைத் தொடவே தொடாது. ஒரே மோட்டாரில், ஒரே உள்விட்டமுள்ள இரண்டு குழாய்களை எதிரெதிர்த் திசையில் ஓடவிட்டார்கள். வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் போவதும் வருவதும் சேர்ந்தே மாறும்.

ஆனாலும் இது கெடக்கூடியது. ஒரு குழாய் மடங்கினாலோ சிரைக் குழாயின் முனை சுவரில் ஒட்டிக்கொண்டாலோ சமம் போய்விடும். நிமிடத்துக்கு 20 மில்லி வித்தியாசம் 20 நிமிடத்தில் 400 மில்லி. பெரியவர் தாங்கிவிடுவார். 7 கிலோ குழந்தையின் உடலில் இருக்கும் மொத்த ரத்தமே கிலோவுக்கு 80 மில்லி வீதம் 560 மில்லிதான்! திறந்த இதயத்துக்குள் கரோனரி சைனஸிலிருந்து (இதயத் தசையின் சொந்தச் சிரை ரத்தம் வந்து விழும் வாய்) ஊறும் ரத்தம் இந்தக் கணக்குக்கு வெளியே. அதை உறிஞ்சி, அளந்து, வேறு ரத்தம் ஏற்றி ஈடுகட்ட வேண்டும்.

நூலக_மூலை:

முதல் கேள்விக்கு என் பதில். பம்ப்_ரூம் சார் சொன்னதில் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன்; இயந்திரம் போதாமை பாதிக் காரணம்தான்.

கிப்பன் 1953 மே 6 அன்று ஃபிலடெல்ஃபியாவில் 18 வயதுப் பெண்ணின் மேலறைச் சுவர் ஓட்டையை அடைத்தார். முழு பைபாஸ், அதாவது ரத்த ஓட்டம் முழுதும் இயந்திரத்தின் பொறுப்பில் இருந்தது, 26 நிமிடம். அதற்கு முந்தைய ஆண்டு அதே இயந்திரத்தில் ஒரு கைக்குழந்தை இறந்தது. மேலறை ஓட்டை என்று நினைத்துத் திறந்தால் ஓட்டையே இல்லை. பிரேதப் பரிசோதனையில் மூடாத டக்டஸ் (பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும், பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய குழாய்) இருந்தது தெரிந்தது. 1953 ஜூலையில் இரண்டு சிறுமிகள் இறந்தார்கள், கிப்பன் நிறுத்திவிட்டார். மினசோட்டாவிலேயே 1951 ஏப்ரலில் கிளாரன்ஸ் டென்னிஸ் தன் இயந்திரத்தோடு ஒரு சிறுமியின் இதயத்தைத் திறந்தார். உள்ளே இருந்தது எதிர்பார்த்ததைவிடச் சிக்கலான குறை. அடுத்த குழந்தைக்கு ரத்தத் தொட்டி வற்றி, தமனிக்குள் காற்று போய்விட்டது. 1951 முதல் 1954 வரை இயந்திரத்தோடு இதயம் திறக்கப்பட்டவர்களாகப் பதிவான 18 பேரில் பிழைத்தது கிப்பனின் அந்த ஒரு பெண் மட்டும்.

இந்தச் சாவுகளைப் பிரித்துப் பாருங்கள். தவறான நோயறிதல், காற்று, ரத்தக் கசிவு, பழகாத குழு என்று காரணங்கள் கலந்து கிடக்கின்றன. ஆனால் அன்று பலர் வந்த முடிவு வேறு. நோயுற்ற இதயமே திறப்பதைத் தாங்காது, இயந்திரத்தை எவ்வளவு மேம்படுத்தினாலும் பயனில்லை என்று நினைத்தார்கள். லில்லிஹை குறுக்கு ஓட்டத்தின் மூலம் உடைத்தது இந்த நம்பிக்கையைத்தான். ரத்தத்தைச் சரியான நிலையில் கொடுத்தால், மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் குழந்தையின் இதயத்தைக்கூடத் திறந்து மூடலாம் என்று காட்டினார். என் பார்வையில் அவருடைய ஆகப்பெரிய பங்களிப்பு அதுதான்.

குளிர்விக்கும் முறையும் அப்போது இருந்தது. 1952 செப்டம்பர் 2 அன்று அதே மினசோட்டாவில் எஃப். ஜான் லூயிஸ் ஐந்து வயதுச் சிறுமியின் உடலைச் சுமார் 28 டிகிரிக்குக் குளிர்வித்து மேலறை ஓட்டையை அடைத்தார். லில்லிஹையும் அந்த மேசையில் உதவியாக நின்றார். அதில் கிடைக்கும் 5, 6 நிமிடம் மேலறைக்குப் போதும். கீழறை ஓட்டைக்குப் போதாது.

லில்லிஹை எப்படிப்பட்ட ஆள் என்பதையும் உரையில் சொல்லுங்கள். 1950-ல், 31 வயதில், அவருடைய கழுத்தில் லிம்ஃபோசர்கோமா என்ற புற்றுநோய். துறைத் தலைவர் ஓவன் வாங்கென்ஸ்டீனே பெரிய அறுவை செய்து அகற்றினார், பிறகு கதிர்வீச்சு. அதே வாங்கென்ஸ்டீன்தான் 1954-ல் மருத்துவமனைக்குள் எதிர்ப்பு வந்தபோது பின்னால் நின்றார். மினசோட்டாவில் பயின்றவர்களில் நார்மன் ஷம்வேயும் கிறிஸ்டியான் பர்னார்டும் உண்டு. இதய மாற்று அறுவையின் இரண்டு பெரிய பெயர்களும் ஒரே பட்டறையிலிருந்து வந்தவை. 1973-ல் லில்லிஹை வருமான வரி ஏய்ப்பு வழக்கில் தண்டனை பெற்றார் என்பதையும் மறைக்க வேண்டாம். அபராதமும் சமூக சேவையும் விதிக்கப்பட்டன. சாதனை அதனால் சிறுக்காது, மறைத்தால்தான் உரை சிறுக்கும்.

தையல்_நூல்:

அறுவை பக்கத்தை நான் சொல்கிறேன்.

இரண்டு மேசைகள், ஒரே தியேட்டர். தானம் தருபவருக்குத் தொடை இடுக்கில் மட்டும் கீறல். ஏ.பி.ஓ., ஆர்.எச். இரண்டும் பொருந்தியிருக்க வேண்டும், நேரடிக் குறுக்குப் பொருத்தமும் பார்க்க வேண்டும். அதனால்தான் பெரும்பாலும் பெற்றோர். பெற்றோர் பொருந்தாதபோது உறவில்லாதவர்களும் படுத்திருக்கிறார்கள். 1954 ஆகஸ்ட் 31 அன்று டெட்ராலஜி ஆஃப் ஃபாலோவை (நான்கு குறைகள் சேர்ந்த பிறவி இதயக் கோளாறு) முதல்முறையாக முழுதாகச் சரிசெய்தபோது அந்தச் சிறுவனுக்காகப் படுத்தவர் குடும்பத்தைச் சேராதவர்.

குழந்தைக்கு மார்பின் இருபுறமும் குறுக்காகத் திறந்து, நெஞ்செலும்பையும் குறுக்கே வெட்டினார்கள். இரண்டு பெருஞ்சிரைகளைச் சுற்றி நாடா. பம்ப் ஓடத் தொடங்கியதும் நாடாவை இறுக்கினால் வலது இதயம் காலியாகும். வலது கீழறையைத் திறந்தால் ஓட்டை கண்ணுக்குத் தெரியும். இதயத்தை நிறுத்தும் திரவம் அப்போது இல்லை. பெருந்தமனியில் ரத்தம் ஓடுவதால் கரோனரிகளுக்கும் ரத்தம் கிடைத்துக்கொண்டே இருந்தது, இதயம் துடித்துக்கொண்டே இருந்தது. துடிக்கிற தசையில், ரத்தம் ஊறிக்கொண்டிருக்கும் குழியில் தையல் போட்டார்கள். முதல் அறுவையில் ஓட்டம் இணைந்திருந்தது 19 நிமிடம். அந்தக் குழந்தை 11-ஆம் நாள் நிமோனியாவில் இறந்தது. பரிசோதனையில் ஓட்டை மூடியே இருந்தது. அடுத்த சில வாரங்களில் செய்தவர்கள் பிழைத்தார்கள்.

இனி மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ஹார்ட் பிளாக், அதாவது இதயத்தின் மின்பாதை அடைபடுவது. பெரிமெம்பிரனஸ் வகை (கீழறைச் சுவரின் மெல்லிய சவ்வுப் பகுதியை ஒட்டிய) கீழறை ஓட்டையின் பின்–கீழ் விளிம்பை ஒட்டித்தான் ஹிஸ் கட்டு ஓடுகிறது. மேலறையின் மின்தூண்டல் கீழறைக்குப் போக அது ஒன்றே பாதை. கண்ணுக்குத் தெரியாது. விளிம்பிலேயே ஆழமாக ஊசியைக் குத்தி இறுக்கினால் பாதை நசுங்கும். மேலறை ஒரு தாளத்திலும் கீழறை அதைவிட மிக மெதுவாகத் தன் போக்கிலும் துடிக்கும். ஓட்டையை நேர்த்தியாக அடைத்த குழந்தை அடுத்த சில நாட்களில் இதனாலேயே இறந்துபோகும். இன்று அந்தப் பகுதியில் விளிம்பிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி, வலது கீழறைப் பக்கத்தில் மட்டும், மேலோட்டமாகத் தையல் எடுக்கிறோம். விளிம்போடு விளிம்பை இழுத்துக் கட்டாமல் ஒட்டுத் துணி வைப்பதும் இழுவையைக் குறைக்கிறது. பாதை எங்கே போகிறது என்ற இந்த அறிவு அந்தக் குழந்தைகளின் பிரேதப் பரிசோதனைகளிலிருந்து கிடைத்தது.

தேன்மொழி_பயோ:

மிக்க நன்றி. 4 சதவீதக் கணக்கை அப்படியே பலகையில் போடப்போகிறேன். இரண்டு தொடர் கேள்விகள். பிளாக் வந்த குழந்தைகளுக்காகத்தான் பேட்டரி பேஸ்மேக்கர் வந்தது என்கிறார்களே, அதன் மின் விவரம் என்ன? தானம் தந்தவர்களுக்கு எதுவும் ஆகவில்லையா?

சர்க்யூட்_சரவணன்:

பேஸ்மேக்கர் பற்றி எழுதுகிறேன் மேடம்.

1952-லிருந்து பாஸ்டனில் பால் ஸோல் மார்புத் தோலின் மேல் மின்முனை வைத்துத் தூண்டும் முறை இருந்தது. தோல், கொழுப்பு, எலும்பு எல்லாவற்றையும் தாண்ட 50 முதல் 150 வோல்ட் வேண்டும். ஒவ்வொரு துடிப்புக்கும் மார்புத் தசை சுண்டி இழுக்கும், தோல் வெந்துபோகும். சின்னக் குழந்தையை நாள்கணக்கில் அப்படி வைத்திருக்க முடியாது.

மினசோட்டாவில் கம்பியை நேராகக் கீழறைத் தசையில் தைத்து மார்புக்கு வெளியே கொண்டுவந்தார்கள். இன்னொரு முனை தோலுக்கு அடியில். 1957 ஜனவரி 30 அன்று முதன்முதலாக நோயாளிக்குப் பயன்பட்டது. சில வோல்ட் போதும், வலி இல்லை. ஹிஸ் கட்டு வீக்கத்தால் மட்டும் மரத்துப்போயிருந்தால் சில நாளிலோ வாரத்திலோ பாதை திரும்பும். அப்போது கம்பியை மெதுவாக இழுத்து எடுத்துவிடலாம். இன்று எல்லாத் தியேட்டரிலும் போடும் தற்காலிகப் பேஸிங் வயர் இதே முறைதான்.

குறை என்னவென்றால், தூண்டும் பெட்டி சுவர் மின்சாரத்தில் ஓடியது. குழந்தை ஒயர் எட்டும் தூரத்துக்குள்தான் இருக்க வேண்டும். 1957 அக்டோபர் 31 அன்று மினியாபொலிஸில் மணிக்கணக்கில் மின்வெட்டு; ஒரு குழந்தை இறந்தது என்று பின்னாளில் ஏர்ல் பாக்கன் சொல்லியிருக்கிறார். அவர் மெட்ரானிக் நிறுவனத்தை 1949-ல் ஒரு கராஜில் தொடங்கியவர்களில் ஒருவர், மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். மின்வெட்டுக்கு மாற்று கேட்டார் லில்லிஹை. பாக்கன், எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை ஒன்றில் வந்திருந்த மெட்ரோனோம் சுற்றை எடுத்து, ஒலிபெருக்கியை நீக்கி, வேகத்தை இதயத் துடிப்பின் வரம்புக்குள் கொண்டுவந்தார். 2 டிரான்சிஸ்டர், 9.4 வோல்ட் மெர்க்குரி பேட்டரி, வேகத்துக்கு ஒரு திருகு, மின்னோட்டத்துக்கு ஒரு திருகு. சுமார் 4 வாரத்தில் உடம்பில் கட்டிக்கொள்ளும் பெட்டி தயார். விற்பனைக்கு வந்த வடிவில் திருகுகளைப் பெட்டிக்குள் அமிழ்த்திவைத்தார்கள், குழந்தைகள் விளையாட்டாகத் திருப்பிவிடக் கூடாது என்று.

கம்பியிலும் ஒரு சிக்கல் இருந்தது. தசையில் கம்பி நுழைந்த இடத்தைச் சுற்றி வடு வளரும். நாளாக நாளாக அதே துடிப்பை வரவழைக்க அதிக மின்னோட்டம் வேண்டியிருக்கும். தினமும் மின்னோட்டத்தைக் குறைத்துக் குறைத்து, எந்த அளவில் துடிப்பு தவறுகிறது என்று பார்த்து, அதற்கு மேலே போதிய இடைவெளி விட்டு வைக்க வேண்டும். இன்றைய வார்டிலும் இதே விதி.

பம்ப்_ரூம்:

தானம் தந்தவர்கள் பற்றி. 45 அறுவையில் அவர்களில் யாரும் இறக்கவில்லை. ஆனால் 1954-ல் ஒரு தாய்க்கு, ஏற்றிக்கொண்டிருந்த சலைன் பாட்டிலின் வழியாகச் சிரைக்குள் காற்று போய் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. ஒரே அறுவையில் 200 சதவீத இறப்பு சாத்தியம் என்று எதிர்ப்பாளர்கள் சொன்னது வெறும் பேச்சல்ல. முறையைக் கைவிட்டதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று எடை. கிலோவுக்கு 30 மில்லி என்பது 7 கிலோவுக்குச் சின்னது. 50 கிலோ ஆளுக்கு 1.5 லிட்டர். அதை இன்னொருவரின் தொடைத் தமனியிலிருந்து எடுக்க முடியாது. பெரியவர்களுக்கு இந்த முறை என்றுமே வந்திருக்காது.

இடையில் வேறு வழிகளும் பார்த்தார்கள். குறுகிய அறுவைக்கு, தானம் தருபவரின் கையை வெந்நீரில் வைத்து, சிரை ரத்தமே சிவந்து வரும்போது எடுத்துச் சேமித்து அதையே ஓட்டினார்கள். நாயின் நுரையீரலை ஆக்ஸிஜனேட்டராக வைத்தும் பார்த்தார்கள்.

நின்றது ரிச்சர்ட் டிவாலின் குமிழி ஆக்ஸிஜனேட்டர். 1955 மே 13 அன்று முதல் நோயாளி. செங்குத்தான பிளாஸ்டிக் குழாயின் அடியில் ரப்பர் அடைப்பானில் குத்திய ஊசிகள் வழியாக ஆக்ஸிஜன் குமிழியாக ஏறும், சிரை ரத்தமும் அதோடு ஏறும். மேலே சரிந்த அறையில், சிலிக்கோன் நுரைநீக்கி பூசிய சுவரில் பட்டுக் குமிழிகள் உடையும். பிறகு ரத்தம் சுருள் குழாயில் மெதுவாக இறங்கும். காற்றில்லாத ரத்தம் கனமானது, அடியில் தங்கும். மிஞ்சிய குமிழி மேலே போகும். சுருள் 37 டிகிரி வெந்நீரில் இருக்கும். வடிகட்டி, பம்ப், நோயாளி. ஆக்ஸிஜனேட்டரில் அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. மாயோன் குழாய் என்று உணவுத் தொழிலில் ஓடிய பிளாஸ்டிக் குழாயே போதுமானதாக இருந்தது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடலாம். கிப்பன் வழி இயந்திரத்தில் எஃகு வலைத் தகடுகளைக் கழுவி, பொருத்தி, ஒவ்வொன்றிலும் ரத்தப் படலம் கிழியாமல் ஓடவைக்க ஒரு தனிப் படையே வேண்டும். 1955 மார்ச்சில் ராச்சஸ்டர் மேயோவில் ஜான் கிர்க்லின் அந்த வகை இயந்திரத்தோடு தொடங்கி, முதல் 8 பேரில் 4 பேரைக் காப்பாற்றினார். அது பணமும் ஆளும் உள்ள இடத்துக்கான வழி. உலகம் முழுக்கப் பரவியது டிவால் குழாய்.

முன்னோர் ஏன் குமிழியில் தோற்றார்கள் என்பதை மாணவர்கள் கேட்பார்கள். சின்னக் குமிழி ஆக்ஸிஜனை நன்றாக ஏற்றும், ஆனால் ரத்தத்திலிருந்து பிரியாது. பெரிய குமிழி எளிதில் உடையும், கார்பன் டை ஆக்ஸைடையும் நன்றாக வெளியேற்றும். டிவால் பெரிய குமிழி பக்கம் போனார். நுரைநீக்கியை அதிகம் பூசினால் அதுவே துகளாக ரத்தத்தில் போய் மூளையின் நுண்குழாய்களை அடைக்கும். குறைவாகப் பூசினால் நுரை தாண்டிவிடும். ரத்தம் நேராக வாயுவைத் தொடுவதால் சிவப்பணுக்கள் உடைவது நேரத்தோடு ஏறிக்கொண்டே போகும். நீண்ட அறுவைகளுக்கு இது இடைஞ்சலாகவே இருந்து, 1980-களில், ரத்தத்துக்கும் வாயுவுக்கும் நடுவே சவ்வு வைத்த சவ்வு ஆக்ஸிஜனேட்டர் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

நூலக_மூலை:

45 பேர் கணக்கில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போன 28 பேரில் 22 பேர் 30 ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள் என்று 1986-ல் லில்லிஹையே வெளியிட்டார். அறுவை இல்லாமல் அந்தக் காலத்தில் அவர்களில் பெரும்பாலோர் குழந்தைப் பருவத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள். நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் என். கோபிநாத் 1960-களின் தொடக்கத்தில் திறந்த இதய அறுவையைத் தொடங்கியபோது, மினியாபொலிஸில் தொடங்கிப் பத்தாண்டுகூட ஆகியிருக்கவில்லை. உரையில் கால வரிசைப் படம் போடுவதாக இருந்தால் 1952, 1953, 1954, 1955 நான்கையும் அருகருகே போடுங்கள். குளிர்வித்தல், கிப்பன், குறுக்கு ஓட்டம், குமிழி ஆக்ஸிஜனேட்டர் நான்கும் மூன்றே ஆண்டுக்குள் நடந்தவை என்பது அப்போதுதான் கண்ணில் படும்.